காலணிப் பசையில் கலந்திருக்கும் ஹெக்சேன்: தீங்கும் பாதுகாப்பும் சட்டமும்

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் அமையும் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அரியலூர் மாவட்டம் செயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனமொன்றின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதலீடு 1,000 கோடி ரூபாய் என்றும் 15,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் அரசு அறிவித்தது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் உள்ளது குன்னம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி இது. நிலமற்ற குடும்பங்களின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், வரும் ஆண்டுகளில் ஆலைப் பேருந்துகளில் ஏறப்போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்; பெரம்பலூர் மாவட்டத்திலோ அது ஏறத்தாழ 31 விழுக்காடு. ஆகவே காலணி ஆலைகளின் பணிச்சூழல் பற்றிய கேள்வி இம்மாவட்டங்களில் தலித் மக்களின் உடல்நலம் பற்றிய கேள்வியும் ஆகும்.

ஆலைகள் வருவதை நாம் எதிர்க்கவில்லை. பண்ணையாரின் களத்து மேட்டில் கைகட்டி நிற்காமல், மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் உள்ள வேலைக்குப் போவது விடுதலையின் ஒரு படிதான். எந்தவோர் ஆலையையும் குற்றம் சாட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. காலணித் தொழிலில் உலகெங்கும் பயன்படும் ஒரு கரைப்பானைப் பற்றி, வேலைக்குச் செல்வோரும் அவர்களோடு நிற்கும் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதைத் தொகுத்துத் தருகிறோம். அதன் பெயர் நார்மல் ஹெக்சேன். சுருக்கமாக என்-ஹெக்சேன் என்பர்.

ஹெக்சேன் என்பது என்ன?

ஹெக்சேன் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நிறமற்ற திரவம். ஆறு கார்பன் அணுக்களும் பதினான்கு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டது. பெட்ரோலைப் போன்ற மெல்லிய மணமுடையது. 69 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஆனால் சாதாரண அறை வெப்பத்திலேயே வேகமாக ஆவியாகிவிடும். தவிடு, பருத்திக்கொட்டை, சோயா ஆகியவற்றிலிருந்து எண்ணெய் பிரிக்கும் ஆலைகளிலும், அச்சகங்களிலும், மின்னணுப் பொருள்களைத் துடைக்கவும் இது பயன்படுகிறது. காலணித் தொழிலில் இதன் இடம் பசையில்தான்.

காலணியின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒட்டுவதற்கு ரப்பரையோ செயற்கைப் பிசினையோ ஒரு கரைப்பானில் கரைத்துப் பசையாக்குகிறார்கள். தடவியவுடன் கரைப்பான் ஆவியாகிவிட வேண்டும், பிசின் மட்டும் தங்கிப் பிடிக்க வேண்டும். விரைவில் உலர்ந்தால் உற்பத்தி கூடும் என்பதால் ஹெக்சேன், டொலுவீன், அசிட்டோன், மெத்தில் எத்தில் கீட்டோன் ஆகியவற்றின் கலவைகள் விரும்பப்படுகின்றன. தொழிலாளர்கள் இக்கலவையைச் ‘சொல்யூஷன்’ என்றோ ‘தின்னர்’ என்றோ அழைக்கிறார்கள். டிரம்மின் மேலும் பெரும்பாலும் வணிகப் பெயரோ எண்ணோ மட்டுமே இருக்கும். ‘ஹெக்சேன்’ என்று விற்கப்படும் தொழிலகத் திரவத்திலும் என்-ஹெக்சேனின் பங்கு ஏறத்தாழ 20 முதல் 80 விழுக்காடு வரை மாறும். எனவே பெயரைக் கேட்டறிந்தால் மட்டும் போதாது. எத்தனை விழுக்காடு என்பதையும் கேட்க வேண்டும்.

எல்லாக் காலணிகளும் ஒரே முறையில் செய்யப்படுவதில்லை. அச்சில் வார்த்து எடுக்கப்படும் காலணிகளுக்குப் பசை குறைவாகவே தேவைப்படும். பல பகுதிகளை ஒட்டிச் செய்யப்படும் விளையாட்டுக் காலணிகளுக்கும் தோல் காலணிகளுக்கும் மிகுதியாகத் தேவைப்படும். ஆலைக்குள்ளும் இடர் ஒரே அளவில் இருப்பதில்லை. வெட்டும் பிரிவிலும் தைக்கும் பிரிவிலும் குறைவாகவும், பசை தடவும் மேசையிலும் கரைப்பானால் துடைக்கும் பிரிவிலும் மிகுதியாகவும் இருக்கும்.

உடலில் என்ன செய்கிறது?

ஹெக்சேன் முதன்மையாக மூச்சு வழியாகவே உடலுக்குள் செல்கிறது. தோல் வழியாகவும் ஓரளவு செல்லும். உடனடி விளைவுகள் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மயக்க உணர்வு ஆகியன. வெளியே வந்து காற்று வாங்கினால் இவை தணிந்துவிடும். அதனாலேயே பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உண்மையான தீங்கு மெதுவாக வருகிறது. கல்லீரல் ஹெக்சேனை வேறு பொருள்களாக மாற்றுகிறது. அவற்றுள் ஒன்றான 2,5-ஹெக்சேன்டையோன் நரம்பிழைகளுக்குள் உள்ள புரத இழைகளைப் பிணைத்து முடிச்சிடுகிறது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கை கால்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகள் இதனால் வீங்கிச் சிதைகின்றன. மிக நீண்ட நரம்புகளே முதலில் பாதிக்கப்படுவதால் கால்விரல்களில் மரத்துப்போதல் தொடங்கும். பிறகு பாதம், கைவிரல்கள் என அது பரவும். செருப்பு காலிலிருந்து கழன்று விழுவது தெரியாமல் போகும். பொத்தான் போட முடியாது. படியேறும்போது கால் தடுக்கும். முற்றிய நிலையில் தசைகள் மெலிந்து நடக்கவே இயலாமல் போகும். மருத்துவம் இதைப் புறநரம்பு நோய் என்கிறது.

இந்நோய் பற்றி மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, இது மாதக்கணக்கில் உள்ளிழுத்த பிறகே வெளிப்படுவதால் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு எளிதில் புலப்படாது. சர்க்கரை நோய், சத்துக்குறைவு, சில வேளைகளில் தொழுநோய் என்றுகூட ஐயுறப்படலாம். ஊரில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு அந்த ஐயம் இன்னொரு ஒதுக்கலாக முடியும்.

இரண்டாவது, வேலையை விட்ட பிறகும் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ நோய் தொடர்ந்து மோசமாகும். ‘வேலையிலிருந்து நின்றபின்தானே கால் விழுந்தது, எங்களுக்கு என்ன பொறுப்பு?’ என்ற வாதத்துக்கு மருத்துவ அறிவியலில் இடமில்லை. இலேசான பாதிப்பு மாதங்களில் குணமாகும். கடுமையான பாதிப்பு ஆண்டுகள் எடுக்கும். சிலருக்கு முழுமையாகக் குணமாவதில்லை.

மூன்றாவது, மெத்தில் எத்தில் கீட்டோன் தனியாக இந்நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஹெக்சேனோடு சேரும்போது ஹெக்சேனின் நரம்பு நச்சைக் கூட்டுகிறது. காலணிப் பசைகளில் இவ்விரண்டும் ஒன்றாக இருப்பது அரிதன்று.

உலகம் ஏற்கெனவே கண்ட நோய்

இது புதிதாகக் கண்டறியப்பட்ட இடர் அன்று. ஜப்பானில் செருப்புத் தயாரிப்போர் முன்பு பென்சீன் கலந்த பசையைப் பயன்படுத்தினர். பென்சீன் எலும்பு மச்சையை அழித்து உயிர்களைக் குடித்தது; 1950களின் இறுதியில் அது தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் ஹெக்சேன் வந்தது. வினைல் செருப்புகளைப் பலர் காற்றோட்டமற்ற வீட்டுப் பட்டறைகளில் செய்துவந்த மிக்காவா வட்டாரத்தில், கை கால் மரத்துப்போன 93 தொழிலாளர்களைப் பற்றி 1969-இல் மருத்துவ ஆய்வு வெளிவந்தது. ஒரு நஞ்சை நீக்கிவிட்டு ஆராயாமல் இன்னொன்றை வைத்ததன் விலை அது.

துருக்கியில் பென்சீன் கலந்த பசையைப் பயன்படுத்திய இசுதான்புல் காலணித் தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர் முசாபர் அக்சோய் 1974-இல் ஆவணப்படுத்தினார். தொழிலகத் தரமுள்ள கரைப்பான்களில் பென்சீன் சிறு அளவில் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அந்தக் கேள்வியை இன்றும் கேட்டாக வேண்டும்.

சீனாவின் சூசோ நகரில் ஆப்பிள் நிறுவனத்துக்குத் தொடுதிரை செய்துதந்த வின்டெக் ஆலையில், துடைப்பதற்குப் பயன்பட்ட ஆல்கஹாலுக்குப் பதிலாக விரைவில் உலரும் ஹெக்சேன் கொண்டுவரப்பட்டது. 2009-இல் தொழிலாளர்கள் அடுத்தடுத்து நோயுற்றனர். 137 பேர் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் தன் 2011 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அங்கே நோயைக் கொண்டுவந்தது ஒரு சில வினாடி உலர்தல் நேர மிச்சம்.

எது பாதுகாப்பு?

அமெரிக்கத் தொழிலக நலவியலாளர் கழகம் என்-ஹெக்சேனுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு. இது நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. வேலை நேரம் கூடினால் உள்ளே செல்லும் நஞ்சு கூடும், அதை வெளியேற்ற உடலுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம் குறையும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தம் நிறைவேறியதும், எதிர்ப்புக்குப் பின் அது மே நாளில் திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். கரைப்பான்களோடு வேலை செய்வோருக்கு எட்டு மணி நேரம் என்பது களைப்பைத் தாண்டி நச்சின் அளவு பற்றிய கேள்வியுமாகும். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் எட்டு மணி நேர வேலையை ஏன் அவ்வளவு வலியுறுத்தினார் என்பதற்கு இதுவும் ஒரு விடை.

மணத்தை நம்ப முடியாது. பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய பிறகே பலருக்கு ஹெக்சேனின் மணம் தெரியும். சிறிது நேரத்தில் மூக்கும் அதற்குப் பழகிவிடும். எனவே காற்றைக் கருவியால் அளப்பது ஒன்றே வழி.

பாதுகாப்பு முறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முகக்கவசத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் பொறுப்பு முடிந்ததென்று எண்ணுவது தவறு.

முதல் படி, நஞ்சை நீக்குவது. நீரை அடிப்படையாகக் கொண்ட பசைகளும் சூட்டில் உருகி ஒட்டும் பசைகளும் இன்று கிடைக்கின்றன. கரைப்பான் இன்றியமையாத இடத்தில், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெப்டேன் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். அவை நரம்பை ஹெக்சேன் அளவுக்குத் தாக்குவதில்லை.

இரண்டாம் படி, ஆவியை அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுவது. ஹெக்சேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. அது மேலே போகாது. மேசை மட்டத்திலும் தரையிலும் படியும். கூரையில் சுழலும் மின்விசிறி அந்த ஆவியைத் தொழிலாளரின் முகத்தருகே கிளறிவிடும், அவ்வளவுதான். பசை மேசையோடு இணைந்த உறிஞ்சு குழாய் வேண்டும். அது தொழிலாளரின் மூக்கைக் கடந்து போகாமல், அவரை விட்டு விலகிய திசையில் இழுக்க வேண்டும்.

மூன்றாம் படி, வேலை முறை. பசைக் கிண்ணங்களுக்கு மூடி வேண்டும். கரைப்பானில் நனைந்த துணிகளை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட வேண்டும். கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் கழுவுவது பல பட்டறைகளில் உள்ள பழக்கம். தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து நஞ்சை உள்ளே அனுப்பும் வழி அது. சோப்பும் நீரும் பயன்படுத்த வேண்டும். பசை மேசையருகே உண்ணுவதும் குடிப்பதும் கூடாது. ஒரே ஆளை ஆண்டு முழுவதும் அதே மேசையில் வைக்காமல் மாற்றிப் பணியமர்த்த வேண்டும்.

கடைசிப் படியே கையுறையும் முகக்கவசமும். துணி முகக்கவசமும் அறுவை மருத்துவர் அணியும் கவசமும் ஆவியைத் தடுக்கா. அவை தூசிக்கும் துளிகளுக்கும் உரியவை. கரைப்பான் ஆவியைத் தடுக்க, ஊக்கப்பட்ட கரி நிரப்பிய வடிகட்டி பொருந்திய கவசம் தேவை. அந்த வடிகட்டியும் குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும். மருத்துவமனைகளில் அணியும் மெல்லிய இரப்பர் கையுறை ஹெக்சேனுக்குப் பயன்படாது. நைட்ரைல் கையுறை ஹெக்சேனைத் தாங்கும்; ஆனால் டொலுவீனோ மெத்தில் எத்தில் கீட்டோனோ கலந்திருந்தால் அதையும் விரைவில் ஊடுருவிவிடும். எந்தக் கலவைக்கு எந்தக் கையுறை என்பது பாதுகாப்புத் தரவுத் தாளைப் பார்த்தே முடிவு செய்யப்பட வேண்டும்.

தீயும் இதே அளவு பெரிய இடர். ஹெக்சேனின் தீப்பற்று நிலை சுழியத்துக்குக் கீழே 22 டிகிரி. அதாவது நம் ஊர் வெயிலில் அதன் ஆவி எப்போதும் தீப்பிடிக்க ஆயத்தமாகவே இருக்கிறது. காற்றில் 1.1 விழுக்காடு ஆவி கலந்தாலே போதும். தரையோடு தவழ்ந்து சென்று தொலைவில் உள்ள பொறியைத் தொட்டுத் திரும்பி எரியும். ஒரு கலனிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்னே தீமூட்டப் போதுமானது. இரு உலோகக் கலன்களையும் கம்பியால் இணைத்துப் புவியிணைப்புக் கொடுக்க வேண்டும். காலி டிரம்மில் திரவம் இராது, ஆவி இருக்கும். அதை வெட்டுவதோ பற்றவைப்பதோ வெடிப்பில் முடியும். தண்ணீர் பிடிக்கக் காலி டிரம்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் கூடாது.

விபத்து நேர்ந்தால்

ஆவியை மிகுதியாக உள்ளிழுத்து மயங்கியவரை உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவர வேண்டும். மூடிய தொட்டிக்குள்ளோ அறைக்குள்ளோ ஒருவர் விழுந்து கிடந்தால், தக்க மூச்சுக்கருவி இன்றி அவரைக் காப்பாற்ற இறங்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவர் பின் ஒருவராக நம் மக்கள் மாண்டது இப்படித்தான். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். உடையில் சிந்தினால் உடையைக் களைந்து தோலைச் சோப்பால் கழுவ வேண்டும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. திரவம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108-ஐ அழைக்கும்போது வேதிப்பொருளின் பெயரைச் சொல்லுங்கள்; டிரம்மின் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெல்ல வரும் நோய்க்கும் இதே விதி பொருந்தும். கால்விரல் மரத்துப்போகிறது என்று மருத்துவரிடம் போகும்போது, ‘காலணி ஆலையில் பசை தடவும் வேலை, இத்தனை மாதங்களாக, நாளுக்கு இத்தனை மணி நேரம்’ என்று தொழிலாளரே சொல்ல வேண்டும். நரம்புக் கடத்தல் சோதனையும், சிறுநீரில் 2,5-ஹெக்சேன்டையோன் அளவிடும் சோதனையும் செய்யக் கேட்கலாம். சிறுநீர்ச் சோதனை அண்மைக்கால வெளிப்பாட்டை மட்டுமே காட்டும் என்பதால், வேலையில் இருக்கும்போதே, பணிவாரத்தின் இறுதியில், அதை எடுக்க வேண்டும். மருத்துவச் சீட்டில் தொழிலையும் எழுதித் தருமாறு கேட்டுப் பெறுவது மிக இன்றியமையாதது. ஏன் என்பதைச் சட்டம் சொல்கிறது.

சட்டப் பட்டியலில் இல்லாத பெயர்

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் மூன்றாம் அட்டவணை 29 தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. அவற்றைக் கண்டறியும் மருத்துவரும் ஆலை மேலாளரும் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். பென்சீனும் அதன் ஒத்த வரிசைச் சேர்மங்களும் அதில் உள்ளன. டொலுவீன் இவ்வகையில் அடங்கும். ஹெக்சேன் இல்லை. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் மூன்றாம் அட்டவணையிலும் ஹெக்சேனின் பெயர் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலிலோ ‘ஹெக்சேனால் ஏற்படும் நோய்கள்’ எனத் தனியே ஒரு பதிவு இருக்கிறது.

இந்த இடைவெளி ஏட்டளவிலானது அன்று. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், பிரிவு ‘ஆ’வில் உள்ள நோய் ஒன்று, அதற்குரிய வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு வந்தால், அது வேலையால் வந்ததென்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியவர் முதலாளி. பட்டியலில் இல்லாத நோய்க்கோ, பணியின்போது நேர்ந்த விபத்தினால் உண்டான குறிப்பிட்ட காயத்தின் நேரடி விளைவு அது என்று தொழிலாளியே மெய்ப்பிக்க வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாக மூச்சில் கலந்த நஞ்சுக்கு விபத்து நடந்த நாள் என்று எதைக் காட்டுவது? தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், 1948-உம் இதே அட்டவணை முறையைத்தான் பின்பற்றுகிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் அதன் வழியாகவே பணப்பயன் கோர முடியும். இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தனியே கோர முடியாது.

இங்கே வழக்கறிஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வழி உண்டு. இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் ‘ஆல்கஹால்களாலும் கீட்டோன்களாலும் ஏற்படும் நோய்கள்’, ‘பென்சீன் அல்லது அதன் நச்சுத்தன்மையுள்ள ஒத்த சேர்மங்களால் ஏற்படும் நோய்கள்’ ஆகிய பதிவுகள் உள்ளன. பசையில் ஹெக்சேனோடு மெத்தில் எத்தில் கீட்டோனோ டொலுவீனோ கலந்திருந்ததைக் காட்ட முடிந்தால், நோயைப் பட்டியலுக்குள் கொண்டுவந்து வாதாட இடம் பிறக்கிறது. அதற்குப் பசையின் சேர்மானம் தெரிய வேண்டும். வழக்கின் அடித்தளமே டிரம்மின் பெயர்ச்சீட்டில்தான் இருக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நாம் மேலே குறிப்பிட்ட மூன்று சட்டங்களின் இடத்தை இரு தொகுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. பிரிவு எண்கள் மாறினாலும் அட்டவணை முறை அப்படியே தொடர்கிறது. ஆனால் ஒரு மாற்றம் கவலைக்குரியது. மின்விசையுடன் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற வரையறை 20 பேர் என்றும், மின்விசையில்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 என்றும் உயர்த்தப்பட்டுள்ளது. பெரிய ஆலை வேலையைத் துணை ஒப்பந்தத்தில் சிறு பட்டறைக்குத் தள்ளிவிடும் தொழில் இது. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் வேலை வீட்டிலிருக்கும் பெண்களிடம் போய்ச் சேர்வதை நாம் அறிவோம். பசையும் அவ்வழியே குன்னம் பகுதி வீடுகளுக்குள் வந்தால், உறிஞ்சு குழாயும் இராது, ஆய்வாளரும் வரமாட்டார்; அதே அறையில் குழந்தை உறங்கும். மிக்காவாவின் வீட்டுப் பட்டறைகள் நமக்குச் சொல்வது அதைத்தான்.

கேட்டுப் பெறக்கூடிய உரிமைகள்

தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தீங்கு தரும் தூசியும் ஆவியும் பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சு கருவி பொருத்த வேண்டும் என்றது. 111-அ பிரிவு, பணியிடப் பாதுகாப்பு குறித்த தகவலையும் பயிற்சியையும் பெறும் உரிமையை ஒவ்வொரு தொழிலாளிக்கும் வழங்கியது. புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 14-ஆம் பிரிவு, தகவல் பெறும் உரிமையையும், உடனடி ஆபத்தை உணர்ந்தால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும் உரிமையையும் தருகிறது. மனுக்களில் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் சேர்த்தே குறிப்பிடுவது நல்லது.

இடர்மிகு தொழில்களின் அட்டவணையில் தோல் பதனிடுதல் உள்ளது. காலணி தயாரிப்பு தனியாக இல்லை. ஆனால் ‘மிக எளிதில் தீப்பற்றும் திரவங்களும் வாயுக்களும்’ என்ற வகை உள்ளது. ஹெக்சேன் கலந்த பசையை மிகுதியாகக் கையாளும் பிரிவு இவ்வகைக்குள் வரும் என்று வாதிடலாம், வாதிட வேண்டும். அவ்வாறு ஏற்கப்பட்டால் வேலைக்குச் சேரும் முன்பும் பின்பும் மருத்துவப் பரிசோதனை, உடல்நலப் பதிவேடு, காற்றின் நச்சளவு ஆகியவை குறித்த கடுமையான கடமைகள் முதலாளி மேல் விழும்.

இடர்மிகு வேதிப்பொருள்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள் பெயர்ச்சீட்டையும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கோருகின்றன. அத்தாள் தமிழில், தொழிலாளி படிக்கும் எழுத்தளவில், மேசையருகே இருக்க வேண்டும் என்று கேட்போம். 1995-இல் கன்ஸ்யூமர் எஜுகேஷன் அண்டு ரிசர்ச் சென்டர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் வைத்திருக்கவும் உத்தரவிட்டது. மெல்ல வெளிப்படும் நோய்க்கு நெடுங்காலப் பதிவே சான்று என்ற அந்த நெறி ஹெக்சேனுக்கும் பொருந்தும்.

தொழிலாளி திரட்ட வேண்டிய சான்று

வேலையில் சேர்ந்த நாள் முதலே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எந்தப் பிரிவு, எந்த மேசை, எத்தனை மணி நேரம், எந்தப் பசை, மிகைநேர வேலை எப்போது, தலைவலியோ மரத்துப்போதலோ தொடங்கிய நாள் எது ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். பணி நியமனக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்ந்தவர்கள், எந்த ஆலையின் எந்தக் கூடத்தில் வேலை செய்தார்கள் என்பதற்கான சான்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஒரே மேசையில் வேலை செய்யும் இருவருக்கோ மூவருக்கோ ஒரே அறிகுறி தோன்றினால், தனித்தனியே மருந்து வாங்காமல் சேர்ந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒருவரின் நோயை வேறு காரணத்தில் தள்ளிவிடலாம். ஒரே மேசையைச் சேர்ந்த மூவரின் நோயை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் கால வரம்பு இரண்டு ஆண்டு என்பதை மறக்கக் கூடாது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் தொழிலகத் தொழிலாளர்களும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

மாணவர்கள் செய்யக்கூடிய பணியும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்கு வழங்கிய இசைவாணையையும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வு விவரங்களையும் கேட்டுப் பெறலாம். வேதியியல் படிப்போர் பாதுகாப்புத் தரவுத் தாள்களைத் தமிழில் எளிமையாக்கித் தரலாம். செவிலியர் படிப்போர் புறநரம்பு நோயின் தொடக்க அறிகுறிகளைக் குடியிருப்புகளில் விளக்கலாம்.

அரசின் முன் வைக்கும் கோரிக்கை

இழப்பீட்டுச் சட்டத்தின் 3(3) பிரிவு, மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து, ஒரு வேலையையும் அதற்குரிய நோயையும் அட்டவணையில் சேர்க்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு மட்டுமன்றி மாநில அரசுக்கும் வழங்கியது. அவ்வாறு சேர்க்கப்பட்டது ஈ.எஸ்.ஐ. அட்டவணையிலும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றது சட்டம். புதிய தொகுப்பிலும் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் காலணி மற்றும் தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு முதலீட்டாளர்களை அழைத்த மாநிலம் தமிழ்நாடு. அந்தத் தொழிலின் நன்கறியப்பட்ட நோயைப் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பும் அதற்கு இருக்கிறது.

எனவே நாம் கோருவது இவை: ஹெக்சேனால் ஏற்படும் புறநரம்பு நோயைத் தொழில்சார் நோயாக அறிவிக்க வேண்டும். காலணி ஆலைகளின் பசைப் பிரிவுகளை இடர்மிகு பணியாக அறிவித்து, காற்றின் நச்சளவைக் குறித்த காலத்தில் அளந்து, முடிவைத் தமிழில் ஒட்ட வேண்டும். கரைப்பான் கலந்த பசை வேலையை வீடுகளுக்கு அனுப்புவதைத் தடை செய்ய வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் நரம்புக் கடத்தல் சோதனையும் தொழில்சார் நோய்ப் பதிவும் உறுதி செய்யப்பட வேண்டும். ஆலைகள் முழு வீச்சில் இயங்கும் முன்பே இவற்றைச் செய்வதற்கு அதிகச் செலவாகாது. நோய் வந்தபின் ஆகும் செலவோ ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு.